எலக்ட்ரானை எடுக்க ஆற்றல் செலவாகும் என்றால், சோடியம் ஏன் அயனியாகிறது?

வந்த கேள்வி இது: "சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்து நிலைத்தன்மை அடைகிறது என்று ஒரு பாடத்தில் படிக்கிறோம். சில பக்கங்கள் தள்ளி, சோடியத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை நீக்க மோலுக்கு 496 கிலோஜூல் ஆற்றல் கொடுக்க வேண்டும் என்றும் படிக்கிறோம். ஆற்றல் கொடுத்து மேலே ஏற்றிய நிலை எப்படி நிலையான நிலை ஆகும்? இரண்டில் எது சரி?"

மிக நல்ல கேள்வி. வேதியியல் சொல்லிக்கொடுக்கும் எங்களில் பலர் இந்த இடத்தை "வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் வந்துவிட்டால் அணுவுக்கு நிம்மதி" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். கேட்பவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். நீங்கள் தலையாட்டாமல் இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்.

சுருக்கமாகச் சொன்னால், 496 கிலோஜூல் என்பது அளந்து கண்ட உண்மை. "இழந்து நிலைத்தன்மை அடைகிறது" என்பது பாதி உண்மை. வெற்றிடத்தில் தன்னந்தனியாக இருக்கும் சோடியம் அணு தன் எலக்ட்ரானைத் தானாக விடவே விடாது. அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி உண்டான நேர்மின் அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ள எதிர்மின் சுமைகளும் இருக்க வேண்டும். அப்போதுதான் கணக்கு நேராகும். அந்தக் கணக்கைத்தான் இனி விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அடிப்படை. சோடியத்தின் அணுக்கருவில் 11 புரோட்டான்கள், வெளியே 2, 8, 1 என்ற அடுக்கில் 11 எலக்ட்ரான்கள். குளோரினில் 17 புரோட்டான்கள், 2, 8, 7 என்று 17 எலக்ட்ரான்கள். சோடியத்தின் கடைசி எலக்ட்ரான் போய்விட்டால் 11 நேர்மின் சுமைக்கு எதிரே 10 எதிர்மின் சுமைதான் மிஞ்சும். அதனால் ஒரு நேர்மின் சுமை கொண்ட அயனி. குளோரின் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் 17க்கு எதிரே 18. அதனால் ஓர் எதிர்மின் சுமை கொண்ட குளோரைடு அயனி. இதில் எங்கேயும் புரோட்டான் அசையவில்லை என்பதைக் கவனியுங்கள். "நேர்மின் சுமை வந்தது" என்று படித்ததும் ஏதோ நேர்மின் பொருள் உள்ளே நுழைந்ததாக நினைப்பவர்கள் நிறையப் பேர். எதுவும் நுழையவில்லை, எதிர்மின் சுமை ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். அதேபோல, சோடியம் அயனியில் 10 எலக்ட்ரான்கள் இருப்பதால் அது நியான் ஆகிவிடுவதில்லை. தனிமத்தைத் தீர்மானிப்பது புரோட்டான் எண்ணிக்கை. 11 புரோட்டான் இருக்கும்வரை அது சோடியம்தான்.

அந்தக் கடைசி எலக்ட்ரான் மட்டும் ஏன் எளிதில் கழல்கிறது? 11 புரோட்டான்கள் இழுக்கின்றன என்றாலும் அந்த இழுப்பு முழுதாக அதை எட்டுவதில்லை. நடுவே 10 எலக்ட்ரான்கள் திரை போல நிற்கின்றன. அணுக்கரு உள்ளிருந்து இழுக்க, இந்தப் பத்தும் வெளியே தள்ளுகின்றன. இதை எண்ணால் மதிப்பிட ஜான் ஸ்லேட்டர் 1930இல் ஓர் எளிய விதித்தொகுப்பைக் கொடுத்தார். அதன்படி போட்டுப் பார்த்தால், சோடியத்தின் வெளி எலக்ட்ரான் உணரும் கரு மின்சுமை 11 அல்ல, வெறும் 2.2. இதற்குச் செயலுறு அணுக்கரு மின்சுமை என்று பெயர். அதே விதிகளைக் கொண்டு, அடுத்த உட்கூட்டில் இருக்கும் ஓர் எலக்ட்ரான் சோடியம் அயனியில் எவ்வளவு உணர்கிறது என்று பார்த்தால் 6.85 வருகிறது. மூன்று மடங்குக்கும் மேல். போதாததற்கு அது கருவுக்கு இன்னும் அருகில் இருக்கிறது.

இதன் விளைவு அயனியாக்கும் ஆற்றலில் பளிச்சென்று தெரியும். சோடியத்தின் முதல் எலக்ட்ரானை நீக்க மோலுக்கு 496 கிலோஜூல். இரண்டாவதை நீக்க 4562. (ஒரு மோல் என்பது 6.022 × 10²³ அணுக்கள். இனி வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் ஒரு மோலுக்கான கிலோஜூல் கணக்கில்தான்; ஒவ்வொரு முறையும் அலகைச் சொல்ல மாட்டேன்.) மெக்னீசியத்துக்கு 738, 1451, அப்புறம் திடீரென்று 7733. அலுமினியத்துக்கு 578, 1817, 2745, அப்புறம் 11577. ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் தாவல் வருகிறது என்று பாருங்கள். சோடியத்தில் ஒன்றுக்குப் பிறகு, மெக்னீசியத்தில் இரண்டுக்குப் பிறகு, அலுமினியத்தில் மூன்றுக்குப் பிறகு. மூன்று தனிமங்களிலும் தாவல் வரும்போது அணுவிடம் மிச்சமிருப்பது 10 எலக்ட்ரான்கள், அதாவது 2, 8.

எட்டு எலக்ட்ரான் விதி பிறக்கும் இடம் இதுதான். எட்டு என்ற எண்ணுக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. ஒரு கூடு நிரம்பியபின் அதற்குள் கைவைப்பது பல மடங்கு செலவு. நிரம்பிய கூட்டுக்கு வெளியே இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால் அதைப் பிடிக்க இழுப்பு போதாது. இந்த இரண்டு உண்மைகளும் அணுக்களை அந்த எண்ணில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. எட்டு என்பது விளைவு. அதைக் காரணமாகச் சொல்லும்போதுதான் உங்களுக்கு வந்த குழப்பம் வருகிறது.

இங்கே "நிலையானது" என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பொருள் உண்டு. சோடியம் அயனியிடம் மிச்சமிருக்கும் பத்து எலக்ட்ரான்களும் இறுக்கமாகப் பிடிக்கப்பட்டிருக்கின்றன, மேற்கொண்டு அவற்றில் ஒன்றை யாராலும் எளிதில் பிடுங்க முடியாது என்பது ஒரு பொருள். இந்தப் பொருளில் அது நிலையானதுதான். ஆனால் ஆற்றல் குறைந்த நிலை என்ற பொருளில் எடுத்துக்கொண்டால், தனித்து நிற்கும் சோடியம் அயனி சோடியம் அணுவைவிட 496 உயரத்தில் இருக்கிறது. வெற்றிடத்தில் ஓர் எலக்ட்ரான் எதிர்ப்பட்டால் அந்த அயனி அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஆற்றலை வெளியே விட்டுவிடும். பாடப்புத்தக வரி முதல் பொருளில் எழுதப்பட்டது. நீங்கள் அதை இரண்டாவது பொருளில் வாசித்தீர்கள். இரண்டாவது பொருளில் வாசித்ததில் தவறே இல்லை, ஏனென்றால் ஒரு வினை நடக்குமா நடக்காதா என்பதைச் சொல்வது அதுதான்.

இப்போது வாங்கும் பக்கம். குளோரினின் வெளிக்கூட்டில் இருக்கும் ஏழும் ஒரே கூட்டில் இருப்பதால் ஒன்றை ஒன்று அவ்வளவாக மறைப்பதில்லை. ஸ்லேட்டர் கணக்கில் அவை உணரும் கரு மின்சுமை 6.1. அந்தக் கூட்டில் இன்னும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அங்கே வந்து சேரும் புதிய எலக்ட்ரானும் ஏறக்குறைய அதே வலுவான இழுப்பை உணரும். அதனால் குளோரின் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது 349 ஆற்றல் வெளிப்படுகிறது. இதற்கு எலக்ட்ரான் நாட்டம் என்று பெயர். எல்லாத் தனிமங்களிலும் இதுவே மிக அதிகம், ஃபுளூரினுக்கு 328தான். ஃபுளூரின் அணு மிகச் சிறியது, அதன் நெருக்கடியான வெளிக்கூட்டில் புதிதாக வரும் எலக்ட்ரானை ஏற்கெனவே இருப்பவை கூடுதலாகத் தள்ளுகின்றன. குளோரைடு அயனிக்கு இன்னோர் எலக்ட்ரானைக் கொடுக்க நினைத்தால் அது நான்காவது கூட்டில்தான் உட்கார வேண்டும். அங்கே அது உணரும் இழுப்பு ஸ்லேட்டர் கணக்கில் வெறும் 0.2. எதிர்மின் சுமையின் தள்ளுதல் வேறு. நிற்காது.

இனி கணக்கைப் போடுவோம். சோடியத்திடமிருந்து எடுக்க 496 செலவு. குளோரினிடம் கொடுக்க 349 வரவு. 147 பற்றாக்குறை! "சோடியம் கொடுக்க விரும்புகிறது, குளோரின் வாங்க விரும்புகிறது, அதனால் கைமாறுகிறது" என்ற கதை இந்த இடத்தில் இடறிவிடுகிறது. வேறு ஜோடியை எடுத்தால் சரியாகுமா? மிக எளிதாக எலக்ட்ரானை இழக்கும் தனிமம் சீசியம்; அதற்கே 376 தேவை. மிக அதிகமாக ஆற்றல் தரும் குளோரின் கொடுப்பது 349. அதாவது தனிம வரிசை அட்டவணை முழுவதையும் தேடினாலும், வெகு தூரத்தில் தனித்தனியாக இருக்கும் இரண்டு அணுக்களுக்கு நடுவே எலக்ட்ரான் கைமாறி லாபம் வரும் ஒரு ஜோடிகூடக் கிடையாது. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த உண்மைகளில் இது ஒன்று.

இன்னொன்றும் சொல்கிறேன். தனித்த சோடியம் அணுவிடம் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் 53 வெளிப்படுகிறது. ஆற்றல் கணக்கை மட்டும் பார்த்தால், தனியாக விடப்பட்ட சோடியம் இழப்பதைவிடப் பெறுவதையே தேர்ந்தெடுக்கும்!

அப்படியானால் 147 பற்றாக்குறையை யார் நிரப்புவது? கைமாறிய பிறகு இரண்டும் மின்சுமை கொண்டவை. எதிரெதிர் சுமைகள் ஒன்றை ஒன்று இழுக்கின்றன. நெருங்க நெருங்க ஆற்றல் வெளிப்படுகிறது. மின்சுமைகளுக்கு இடையிலான ஈர்ப்பைச் சொல்லும் கூலும் விதியைப் போட்டால், இரண்டு அயனிகளும் சுமார் 0.94 நானோமீட்டர் தொலைவுக்குள் வரும்போதே இந்த ஈர்ப்பு 147ஐ ஈடுகட்டிவிடும். அணுவின் அளவோடு ஒப்பிட்டால் இது கணிசமான தூரம். உண்மையாகவே சோடியம் போன்ற கார உலோக அணுக்களும் குளோரின் போன்ற ஹாலஜன்களும் வாயு நிலையில் ஒன்றையொன்று நெருங்கும்போது, அவை முட்டிக்கொள்வதற்கு வெகு முன்பே எலக்ட்ரான் தாவிவிடுகிறது. வேதியியலாளர் மைக்கேல் போலானி இதை ஈட்டி எறிவதற்கு ஒப்பிட்டார். உலோக அணு எலக்ட்ரானை ஈட்டி போல எறிகிறது. எறிந்தபின் மின்னீர்ப்பு என்ற கயிறு இரண்டையும் இழுத்துச் சேர்த்துவிடுகிறது.

ஜோடியோடு கதை நிற்பதில்லை. திட நிலையில் சோடியம் குளோரைடு என்பது ஜோடி ஜோடியான மூலக்கூறுகளின் குவியல் அல்ல. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடுகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியங்கள். வில்லியம் பிராக், லாரன்ஸ் பிராக் என்ற தந்தையும் மகனும் 1913இல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதைக் கண்டார்கள். ஆறு எதிர்ச்சுமைகளுக்கு அப்பால் சற்றுத் தள்ளி பன்னிரண்டு ஒத்த சுமைகள், அதற்கும் அப்பால் மறுபடியும் எதிர்ச்சுமைகள் என்று ஈர்ப்பும் விலக்கமும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினால், ஒரு ஜோடிக்குக் கிடைக்கும் ஈர்ப்பைப் போல 1.748 மடங்கு கிடைக்கிறது. இதுதான் இந்தப் படிக அமைப்புக்கான மாடலுங் மாறிலி. அருகருகே உள்ள அயனிகளின் இடைவெளி 282 பிகோமீட்டர். அந்தத் தொலைவில் ஒரு ஜோடிக்கான ஈர்ப்பு 493. அதை 1.748ஆல் பெருக்கினால் சுமார் 861. எலக்ட்ரான் மேகங்கள் மிக நெருங்கும்போது ஒன்றையொன்று தள்ளுவதால் அதில் கொஞ்சம் குறையும். கிடைப்பது சுமார் 786. படிகக்கூடு ஆற்றல் என்று சொல்வது இதைத்தான்.

மாக்ஸ் பார்னும் ஃபிரிட்ஸ் ஹேபரும் 1919இல் காட்டிய வழியில் முழு வரவு செலவையும் எழுதிப் பார்க்கலாம். திட சோடியத்தைத் தனி அணுக்களாக ஆவியாக்க 107. குளோரின் மூலக்கூற்றைப் பிளந்து ஓர் அணு பெற 121. சோடியத்தை அயனியாக்க 496. ஆகமொத்தச் செலவு 724. குளோரினின் எலக்ட்ரான் நாட்டம் தரும் 349ஐக் கழித்தால் இன்னும் 375 கடன். படிகம் அமையும்போது வெளிப்படும் 786 அந்தக் கடனை அடைத்து 411ஐ மிச்சமும் வைக்கிறது. சோடியமும் குளோரினும் வினைபுரியும்போது வெளிச்சமும் வெப்பமுமாக நாம் காண்பது இந்த 411ஐத்தான். எட்டு எலக்ட்ரான் கிடைத்ததால் வந்த ஆற்றல் என்று இந்தக் கணக்கில் தனியாக ஒரு வரவு கிடையாது. கடனை அடைத்தது முழுக்க அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு.

"ஈர்ப்புதான் எல்லாம் என்றால், சோடியம் இரண்டு எலக்ட்ரானை இழந்து இரட்டைச் சுமை பெற்றால் ஈர்ப்பு இன்னும் கூடுமே?" என்று நீங்கள் அடுத்துக் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஒரு சோடியத்துக்கு இரண்டு குளோரின் என்று ஒரு சேர்மத்தைக் கற்பனை செய்வோம். அதன் படிகக்கூடு ஆற்றல், பக்கத்துத் தனிமமான மெக்னீசியத்தின் குளோரைடைப் போலவே சுமார் 2500 என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆவியாக்க 107, முதல் எலக்ட்ரானுக்கு 496, இரண்டாவதுக்கு 4562, குளோரினைப் பிளக்க 242. இரண்டு குளோரின் அணுக்கள் தரும் 698ஐக் கழித்தபின்னும் 4700க்கு மேல் கடன். 2500ஐ வைத்து அதை அடைக்க முடியாது. சுமார் 2200 பாக்கி நிற்கும். அந்தச் சேர்மம் உருவாகவே உருவாகாது. நிரம்பிய கூட்டுக்குள் கைவைத்த அந்த 4562தான் தடுத்தது.

இதையே மெக்னீசியத்தில் திருப்பிப் பாருங்கள். மெக்னீசியம் ஏன் ஒரே எலக்ட்ரானை இழந்து நின்றுவிடுவதில்லை? இரண்டாவதுக்கு 1451 செலவாகிறதே! ஒரு குளோரின் மட்டும் சேர்ந்த மெக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் சோடியம் குளோரைடைப் போல இருக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், அதுவும் சுமார் 130 ஆற்றலை வெளியிட்டே உருவாகும். அதாவது தடை எதுவும் இல்லை. ஆனால் இரண்டு குளோரின் சேர்ந்த உண்மையான மெக்னீசியம் குளோரைடு உருவாகும்போது 641 வெளிப்படுகிறது. இரட்டைச் சுமை அயனி தரும் கூடுதல் ஈர்ப்பு 1451 செலவை விழுங்கிவிட்டு மேலும் லாபம் காட்டுகிறது. ஆகவே ஒற்றைக் குளோரைடு உண்டானாலும் அது பாதி மெக்னீசியம் உலோகமாகவும் பாதி இரட்டைக் குளோரைடாகவும் பிரிந்துபோகும். சோடியம் ஒன்றோடு நிற்பதும், மெக்னீசியம் இரண்டு வரை போவதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள்.

ஆக்சைடு அயனியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை ஏற்கும்போது 141 வெளிப்படும். இரண்டாவதை ஏற்க வைக்க 700க்கும் மேல் நாம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே எதிர்மின் சுமை கொண்ட ஒன்றுக்குள் இன்னோர் எதிர்மின் சுமையைத் திணிக்கிறோம். இரட்டை எதிர்மின் சுமை கொண்ட ஆக்சைடு அயனியைத் தனியாக வெற்றிடத்தில் விட்டால் அது எலக்ட்ரானை உடனே உதறிவிடும். நியானைப் போல 2, 8 என்று கச்சிதமாக நிரம்பிய அமைப்புதான் அது, ஆனாலும் நிற்காது! மெக்னீசியம் ஆக்சைடு படிகத்துக்குள் வைத்தால் அசையாமல் இருக்கும். இரண்டு பக்கமும் இரட்டைச் சுமை என்பதால் ஈர்ப்பு நான்கு மடங்கு, அயனிகள் சிறியவை என்பதால் இடைவெளியும் குறைவு. படிகக்கூடு ஆற்றல் சுமார் 3800. சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும்போது மெக்னீசியம் ஆக்சைடு உருக 2800 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருக்கிறது. "எட்டு இருந்தால் நிலைத்தன்மை" என்ற வரிக்கு ஆக்சைடைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

கார்பன் ஏன் இந்த வழியில் போவதில்லை என்பதும் இதே கணக்கில் தெரியும். நான்கு எலக்ட்ரான்களையும் நீக்க மொத்தம் சுமார் 14300 தேவை. எந்தப் படிகமும் அவ்வளவு திருப்பித் தராது. அதனால் அது எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கிறது.

அளவு மாற்றத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சோடியம் உலோகத்தில் அணுவின் ஆரம் 186 பிகோமீட்டர். அயனியின் ஆரம் 102. வெளிக்கூடே காலியானதால் இந்தச் சுருக்கம். குளோரின் அணுவின் பிணைப்பு ஆரம் 99, குளோரைடுக்கு 181. இழுக்கும் கரு அதே 17 புரோட்டான்தான், ஆனால் ஒன்றையொன்று தள்ளும் எலக்ட்ரான்கள் கூடிவிட்டன. ஆக்சைடு, ஃபுளூரைடு, சோடியம், மெக்னீசியம், அலுமினியம் ஆகிய ஐந்து அயனிகளிலும் 10 எலக்ட்ரான்கள்தான். ஆரங்களோ 140, 133, 102, 72, 54 என்று இறங்குகின்றன. புரோட்டான்கள் 8இலிருந்து 13 வரை ஏற ஏற அதே பத்து எலக்ட்ரான்கள் உள்ளே இழுக்கப்படுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே எலக்ட்ரான் அமைப்பு. ஆனால் ஐந்தும் ஐந்து வேறு நடத்தை கொண்டவை.

படிகம் மட்டும்தான் அயனியைத் தாங்குமா? நீரும் தாங்கும். சோடியம் குளோரைடு படிகத்தைப் பிரிக்க 786 வேண்டும் என்றோம். ஆனால் அது நீரில் கரையும்போது உண்மையில் உறிஞ்சப்படுவது சுமார் 4 மட்டுமே. மீதி 782ஐ நீர் மூலக்கூறுகள் ஈடுகட்டுகின்றன. சோடியத்தைச் சுற்றி அவற்றின் ஆக்சிஜன் முனைகளும், குளோரைடைச் சுற்றி ஹைட்ரஜன் முனைகளும் திரும்பி நிற்கின்றன. இதை நீரேற்ற ஆற்றல் என்கிறோம். அயனி என்ற சொல்லின் மூலமான அயான் என்பதே கிரேக்க மொழியில் "செல்வது" என்று பொருள்படும். மின்பகுப்பில் ஏதோ ஒன்று மின்முனைகளை நோக்கிச் செல்வதைக் கண்டு 1834இல் மைக்கேல் ஃபாரடே அந்தப் பெயரை வைத்தார். அப்போது எலக்ட்ரான் என்ற ஒன்றே தெரியாது, ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டது 1897இல்தான். மின்சாரம் செலுத்தினாலும் செலுத்தாவிட்டாலும் உப்பு நீரில் அயனிகளாகவே பிரிந்து கிடக்கிறது என்று ஸ்வந்தே அரீனியஸ் வாதிட்டபோது பலர் நம்பவில்லை. 1884இல் அவர் சமர்ப்பித்த ஆய்வேட்டுக்குக் குறைந்த தரமே கிடைத்தது. 1903இல் அதே கொள்கைக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நீரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்குத் தாமிரம் நல்ல சாட்சி. ஓர் எலக்ட்ரானை இழந்த தாமிர அயனியில் 3டி ஆர்பிட்டால்கள் (மூன்றாவது கூட்டின் ஓர் உட்பிரிவு) பத்து எலக்ட்ரானுடன் முழுதாக நிரம்பியிருக்கும். "நிரம்பியது நிலையானது" என்ற விதிப்படி அது அங்கேயே நின்றுவிட வேண்டும். இரண்டாவதை எடுக்க 1958 வேறு செலவு. ஆனாலும் நீர்க்கரைசலில் அந்த ஒற்றைச் சுமை அயனி தாக்குப்பிடிப்பதில்லை. பாதி தாமிர உலோகமாகவும் பாதி இரட்டைச் சுமை அயனியாகவும் மாறிவிடுகிறது. தாமிர சல்பேட்டுக் கரைசலில் காணும் நீல நிறம் அந்த இரட்டைச் சுமை அயனிக்கு உரியது. சுமை இரட்டிப்பானால் நீர் பிடித்துக்கொள்ளும் வலு பல மடங்கு கூடுகிறது. அந்தக் கூடுதல் வரவு 1958ஐத் தாண்டிவிடுகிறது. நிரம்பிய கூட்டை நீர் உடைத்துவிட்டது.

தாமிரம், இரும்பு போன்ற இடைநிலைத் தனிமங்களில் இதுபோல நிறைய உண்டு. இரும்பு இரண்டு எலக்ட்ரானை இழந்தும் நிற்கும், மூன்றை இழந்தும் நிற்கும். வெளிர் பச்சையும் மஞ்சள் பழுப்புமாகக் கரைசல்களில் இரண்டும் தெரியும். இரண்டிலும் எட்டு எலக்ட்ரான் கணக்கு பொருந்தாது. இங்கே ஒரு தேர்வுக் குறிப்பு: இரும்பு முதலில் இழப்பது நான்காவது கூட்டில் உள்ள 4எஸ் எலக்ட்ரான்களை, 3டியை அல்ல. எலக்ட்ரான்களை நிரப்பும் வரிசையில் 4எஸ் முன்னால் வருவதால் கடைசியாக நிரப்பிய 3டிதான் முதலில் போகும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். துத்தநாகம் இரண்டை இழந்து, நிரம்பிய 3டியோடு நிற்கிறது. ஈயம் நான்கு வெளி எலக்ட்ரான்கள் இருந்தும் பெரும்பாலும் இரண்டை மட்டுமே இழக்கிறது.

நியான், செனான் போன்ற மந்த வாயுக்களின் கதையும் இங்கே பொருந்தும். 1916இல் வால்தர் காசெலும் கில்பர்ட் லூயிஸும் தனித்தனியாக, மந்த வாயு அமைப்பை ஒட்டியே மற்றத் தனிமங்கள் எலக்ட்ரான்களை இழக்கின்றன, ஏற்கின்றன, பங்கிடுகின்றன என்று விளக்கினார்கள். மிகவும் பயன்பட்ட சிந்தனை அது. ஆனால் அதன் நிழலில் மந்த வாயுக்கள் எதனோடும் சேராது என்பது வேத வாக்குப் போல ஆகிவிட்டது. 1962இல் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூற்றிலிருந்தே ஓர் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடுவதைப் பார்த்தார். ஆக்சிஜன் மூலக்கூற்றின் அயனியாக்கும் ஆற்றல் சுமார் 1175. செனானுக்கு 1170. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று செய்து பார்த்தார். செனானின் முதல் சேர்மம் திடப்பொருளாகக் கையில் வந்தது. எட்டு எலக்ட்ரான் நிரம்பியிருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை; எண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்.

ஆகவே தேர்வில் "சோடியம் ஏன் நேர்மின் அயனியாகிறது" என்று கேட்டால், வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான், அதை இழந்தால் நியான் அமைப்பு என்று எழுதுங்கள்; மதிப்பெண் கிடைக்கும், முதன்மைத் தொகுதித் தனிமங்களுக்குச் சுமையை ஊகிக்கவும் அது நம்பகமான வழி. கூடவே ஒரு வாக்கியம் சேர்த்துவிடுங்கள்: இழக்கச் செலவாகும் ஆற்றலைப் படிகக்கூடு ஆற்றலோ நீரேற்ற ஆற்றலோ ஈடுகட்டுகிறது. இந்த ஒரு வாக்கியம் இருந்தால் உங்கள் இரண்டு பாடங்களுக்கும் சண்டை இல்லை.

முன்பு சொன்ன அந்த 53 நினைவிருக்கிறதா? தனித்த சோடியம் எலக்ட்ரானை ஏற்றால் வெளிப்படும் ஆற்றல். அது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 1974இல் ஜேம்ஸ் டையும் அவர் குழுவினரும் கூண்டு போன்ற ஒரு கரிம மூலக்கூற்றை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூண்டு சோடியத்தின் நேர்மின் அயனியைத் தனக்குள் வைத்துச் சுற்றிலும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சோடியம் விட்ட எலக்ட்ரானுக்குப் போக வேறு இடம் இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு சோடியம் அதை வாங்கிக்கொண்டது. தங்க நிறத்தில் பளபளக்கும் படிகம் ஒன்று கிடைத்தது. அதில் சோடியத்தில் பாதி நேர்மின் அயனி, மறுபாதி எதிர்மின் அயனி.